இசை வாணிபமும் ஈகையும்

(கோயமுத்தூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நமது கூட்டங்களில் இதுகாறும் வட்டித் தொழிலைப் பற்றியும், ஆலைகளைப் பற்றியும், ஆலயத் திருப்பணிகளைப் பற்றியும், கல்வி நிதியைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இவற்றினின்றும் சற்று வேறானது. பாட்டை விலைக்கு விற்கும் தொழிலைப் பற்றிப் பேசப் போகிறோம். இதற்குக் காரணம் இரண்டு.

நமது கல்வி நிதிக்கு வந்திருக்கும் மனுக்களில் ஒன்று, ஒலிப்பதிவுக் கலை பயில விரும்பும் ஓர் இளைஞருடையது. அதைப் பார்த்த பெரியவர்கள் சிலர், "இதுவும் ஒரு தொழிலா? இதற்குப் பொது நிதியிலிருந்து எடுத்துக் கொடுப்பது முறையா?" என்று கேட்டார்கள். கேட்டது தவறன்று, பொதுப் பணத்தைக் காப்பவர் கேட்கத்தான் வேண்டும். இது முதற் காரணம். செட்டிநாட்டில் நம் வளவுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. பாகம் பிரியும்போதும், வீடு கைமாறும்போதும், இரண்டாங்கட்டிலும் மேல்மாடியிலும் கிடந்த கிராமபோன் தட்டுகள் பழைய பித்தளைப் பாத்திரங்களோடு பழஞ்சாமான் கடைகளுக்குப் போய்விடுகின்றன. இது இரண்டாவது காரணம். அந்தக் கேள்விக்கும் இந்த நஷ்டத்திற்கும் ஒருங்கே விடை கூறவல்ல வாழ்க்கை நம் குலத்திலேயே ஒன்று உண்டு. அது காரைக்குடி ஏவி. மெய்யப்ப செட்டியார் அவர்களுடைய வாழ்க்கை.

அவர்களை உலகம் பேசும்படத் தயாரிப்பாளராக அறியும். ஆனால் படத்திற்கு முன்னே அவர்கள் கையாண்ட சரக்கு ஒலி. அந்த ஒலி வாணிபத்தை முதன்மையாகக் கொண்டே இன்று பேசுவோம்.

மெய்யப்ப செட்டியார் அவர்கள் 1907ஆம் ஆண்டு ஜூலை மாதம் 28ஆம் தேதி காரைக்குடியிற் பிறந்தார்கள். அவர்களது அப்பச்சி ஆவிச்சி செட்டியார் அவ்வூரில் ஒரு கடை வைத்திருந்தார். நம்மவரிற் பலர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போன காலம் அது. அக்காலத்தில் உள்ளூரில் இருந்துகொண்டு சில்லறைச் சரக்கு விற்ற கடைகளுள் அதுவும் ஒன்று. அங்கே விற்கப்பட்ட சரக்குகளில் கிராமபோன் தட்டும் ஒன்றாக இருந்தது. எந்தத் தட்டை மக்கள் விரும்பிக் கேட்கிறார்கள், எது தூசி படிந்து கிடக்கிறது என்பதைக் கடைப் பலகையிலிருந்து நேரிற் பார்க்கிறவனுக்குக் கிடைக்கும் அறிவு, எந்தப் புத்தகத்திலும் கிடைப்பதன்று. பிற்காலத்தில் அவர்கள் செய்த யாவற்றுக்கும் அந்தக் கடையே முதற் பள்ளிக்கூடமாயிற்று எனலாம்.

இளைஞர்களுக்காக அந்தத் தட்டைப் பற்றிச் சிறிது கூறுவது அவசியம். இந்தியாவில் முதன்முதலாக 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தட்டுக்கான பதிவு நடந்தது. கௌஹர் ஜான் என்ற அம்மையார் பாடினார். பாடுகிறவர் ஒரு பெரிய கொம்பின் வாயருகே நின்று உரக்கப் பாடவேண்டும். அந்த அதிர்ச்சி ஓர் ஊசியை அசைக்க, ஊசி மெழுகுப் பலகையிற் கோடு கீறும். அந்த மெழுகின்மேல் உலோகம் படியவைத்து, அதிலிருந்து அச்சு எடுத்து, அரக்குக் கலவையில் அழுத்தித் தட்டு செய்வார்கள். அந்த அரக்கு நம் நாட்டுக் காடுகளில் பூச்சிகள் மரக்கிளையிற் சுரப்பது. நம் நாட்டு அரக்கு கப்பலேறிப் போய், நம் நாட்டுப் பாட்டையே தாங்கித் திரும்பி வந்தது! 1925ஆம் ஆண்டுக்குப் பின் மின்சார மைக் வந்தது. அதன்பின் மெல்லிய குரலும், வீணையின் நுண்ணிய கமகமும் தட்டில் ஏறின. 1928ஆம் ஆண்டில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் பெரிய தொழிற்சாலை ஏற்பட்டது.

பத்து அங்குலத் தட்டு நிமிஷத்திற்கு 78 சுற்றுச் சுற்றும். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிஷப் பாட்டே அடங்கும். ஒரு ராகத்தை ஒரு மணிநேரம் விரித்துப் பாடிப் பழகிய வித்துவான், அதன் உயிரை மூன்று நிமிஷத்தில் காட்டவேண்டும். எதை விடுவது, எதை வைப்பது என்று தீர்மானிப்பதிலே பாடகருக்கும் தட்டுக் கம்பெனிக்காரருக்கும் பங்கு இருந்தது. ஆகவே தட்டு வாணிபம் செய்கிறவர் அரிசி வாணிபம் செய்கிறவர் போன்றவர் அல்லர். அரிசியை விளைவித்த பிறகே வணிகன் வருகிறான். தட்டிலோ, விளைவிலேயே வணிகன் கலந்திருக்கிறான். இதை மெய்யப்ப செட்டியார் அவர்கள் நன்கு உணர்ந்தார்கள். பிறர் செய்த தட்டை விற்பதோடு நில்லாமல், தாமே தட்டு வெளியிட வேண்டும் என்று எண்ணியதற்கு இந்த உணர்வே காரணமாதல் வேண்டும்.

1930களின் தொடக்கத்தில் அவர்கள் சென்னைக்கு வந்து, நண்பர்களைக் கூட்டாகக் கொண்டு மவுண்டு ரோட்டில் சரசுவதி ஸ்டோர்ஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். ஓடியன் என்னும் ஜெர்மானியக் கம்பெனியின் தட்டுகளை இங்கே வெளியிடும் பொறுப்பு அதற்குக் கிடைத்தது. ஒரே தட்டின் இரு பக்கங்களிலும் பாட்டைப் பதித்து 1904ஆம் ஆண்டிலேயே சந்தைக்குக் கொணர்ந்த கம்பெனி அது. யாரைப் பாடவைப்பது, எந்தப் பாட்டை வைப்பது, எத்தனை தட்டு அழுத்துவது, எந்த ஊர்க் கடைக்கு எவ்வளவு அனுப்புவது என்ற நான்கு கேள்விகளுக்கும் நாள்தோறும் விடை காணவேண்டும். விற்காத தட்டு திரும்பி வரும்; வழியில் உடையும். இதுவும் ஐந்தொகை போடவேண்டிய தொழில்தான், பெரியோர்களே. நம் முன்னோர் கற்ற கணக்கு இதிலும் செல்லும்.

அக்காலத்தில் பாடகரின் குரலுக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதை அறிய நாம் தொலைவிற் போகவேண்டுவதில்லை. நாம் வந்து குடியேறியிருக்கும் இக்கொங்கு நாட்டிலே, காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டிற் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள் அவர்கள். நாடக மேடையிலும் தட்டிலும் அவர் குரல் தமிழ்நாடெங்கும் பரவியிருந்தது. 1935ஆம் ஆண்டில் வெளிவந்த நந்தனார் படத்தில் நடிப்பதற்கு அவருக்கு ஒரு லக்ஷம் ரூபாய் கொடுத்தார்கள். வறுமையிற் பிறந்த ஒரு பெண்மணியின் தொண்டைக்கு அவ்வளவு பெரிய தொகை கொடுக்க முதலாளி முன்வந்தார் என்றால், குரலும் ஒரு முதல் என்பதை நாடு ஒப்புக்கொண்டது என்பதே பொருள்.

அதே 1935ஆம் ஆண்டில் மெய்யப்ப செட்டியார் அவர்களும் படத் துறையில் இறங்கினார்கள். கல்கத்தாவுக்குப் போய் அல்லி அர்ஜுனாவையும், பின்னர் ரத்னாவளியையும் எடுத்தார்கள். இரண்டும் நஷ்டமே தந்தன. தட்டில் வென்றவர் படத்தில் தோற்றார். ஆயினும் அவர்கள் தொழிலைக் கைவிட்டு ஊர் திரும்பவில்லை. பிரகதி பிக்சர்ஸ் என்ற பெயரில் மீண்டும் முயன்று, 1938ஆம் ஆண்டில் நந்தகுமாரை வெளியிட்டார்கள். அதிலே ஒரு புதுமை செய்தார்கள். நடிகையே பாடவேண்டும் என்ற வழக்கத்தை விட்டு, லலிதா வெங்கட்ராமன் என்பவரைப் பாடவைத்து, நடிகையை வாயசைக்கச் செய்தார்கள். தமிழ்ப் படத்தில் பின்னணிப் பாட்டுக்கு இது முன்னோடி.

மற்ற முதலாளிகளுக்கு எளிதில் தோன்றாதது இவர்களுக்குத் தோன்றியது ஏன்? கிராமபோன் கடைக்காரருக்குக் குரல் வேறு, உருவம் வேறு. அவர் நாள்தோறும் முகமில்லாத குரலை விற்றவர். ஆகையால் ஒருவர் முகத்தையும் மற்றொருவர் குரலையும் சேர்ப்பது அவருக்கு அதிசயமாகத் தோன்றவில்லை. 1945ஆம் ஆண்டில் ஸ்ரீவள்ளி எடுத்தபோது, கதாநாயகி ருக்மிணி தாமே பாடிய பாட்டுகள் மனத்திற்கு நிறைவு தராமையால், பி. ஏ. பெரியநாயகி அவர்களைக் கொண்டு அவற்றை மீண்டும் பதிந்து சேர்த்தார்கள். காதுக்கு ஒவ்வாததைக் கடைக்கு அனுப்பக் கூடாது என்ற பிடிவாதம், தட்டுத் தொழில் அவர்களுக்குக் கற்பித்தது. கன்னடத்தில் எடுத்த ஹரிச்சந்திரா படத்திற்குத் தமிழ்ப் பேச்சைச் சேர்த்து 1944ஆம் ஆண்டில் வெளியிட்டதும் அதே அறிவின் பயனேயாகும். தமிழில் மொழிமாற்றிய முதற்படம் என்று அதைக் கூறுவர்.

இவ்விடத்தில் நமது கோயமுத்தூரின் பெருமையையும் சொல்லாமற் போவது நன்றியன்று. ரயில்வே உத்தியோகத்தை விட்டுப் படக்கருவியோடு ஊர் ஊராகச் சுற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் அவர்கள் 1914ஆம் ஆண்டில் இங்கே வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்தத் தெரு இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. 1930களில் சிங்காநல்லூர்ப் பக்கத்தில் சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தது. மூன்று தீபாவளி கண்ட ஹரிதாஸ் 1944ஆம் ஆண்டில் அங்கே உருவாயிற்று. எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு அவர்களின் பட்சிராஜா ஸ்டூடியோ 1954ஆம் ஆண்டில் மலைக்கள்ளனைத் தந்தது. பஞ்சாலைச் சங்குக்கு எழுந்து பஞ்சாலைச் சங்குக்கு உறங்கிய இந்நகரம், ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பாட்டின் உலைக்களமாகவும் இருந்தது.

அந்த ஸ்டூடியோக்கள் பள்ளிக்கூடங்களாகவும் இருந்தன. ஜுபிடர் கம்பெனியாரிடத்தில் இவ்வூரிற் சிற்றேவல் செய்துகொண்டிருந்த ஒரு சிறுவர், இசையமைப்பாளர் எஸ். எம். சுப்பையா நாயுடு அவர்களின் அருகிலிருந்து கண்டும் கேட்டும் கற்றுக்கொண்டார். அவரே பின்னாளில் நாடறிந்த எம். எஸ். விசுவநாதன் அவர்கள். நம் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, முதலில் எடுபிடி வேலை செய்து, பின்னர் பேரேடு எழுதக் கற்று, கடைசியில் மேலாளாக உயர்வது நம் குலத்தின் பழைய பயிற்சி முறை. சங்கீதத் தொழிலிலும் அதே முறை நடந்தது. இன்றோ இங்கே அந்த ஸ்டூடியோக்கள் இல்லை. பையனைப் பெட்டியடியில் உட்கார வைக்கக் கடை இல்லாதபோது, அவன் பணம் கட்டிக் கல்லூரியிற் பயிலத்தானே வேண்டும்? நமது நிதிக்கு மனுச் செய்த இளைஞரின் நிலை இதுவே என்பதைப் பெரியோர்கள் உணரவேண்டும்.

மெய்யப்ப செட்டியார் அவர்களின் சரித்திரத்திற்குத் திரும்புவோம். 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவிற் புகுந்ததும், நம்மவர் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த நிலமும் கொடுக்கல் வாங்கலும் போன கதை இங்கே எல்லோர் வீட்டுக் கதையுமாகும். நிலத்தைப் பூட்டி எடுத்துவர இயலாது. கடன் பத்திரத்தைக் காட்டிக் கடல் கடந்து வசூலிக்க இயலாது. அந்தக் காலத்தில் குரலை முதலாக வைத்தவருக்கு அந்த முதல் கையிலேயே இருந்தது. 1945ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி ஏவி.எம். புரொடக்ஷன்ஸ் தொடங்கிற்று. சென்னையில் மின்சாரமும் இடமும் தட்டுப்பாடாக இருந்தமையால், காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவிலே கொட்டகை போட்டுப் படப்பிடிப்பு நடத்தினார்கள். அங்கே உருவான நாம் இருவர் 1947ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளியாயிற்று. டி. கே. பட்டம்மாள் அவர்கள் பாரதியார் பாடல்களைப் பாட, குமாரி கமலா ஆடினார். சுதந்திரம் வருமுன்னரே சுதந்திரம் வந்துவிட்டது போலப் பாடிய கவியின் குரல், வந்துவிட்ட ஆண்டிலேயே ஊர் தோறும் ஒலித்தது.

இதுவரை கூறியது முயற்சியின் கதை. இனிக் கூறுவது அதனினும் முக்கியமானது. பாரதியார் பாடல்களை மெய்யப்ப செட்டியார் அவர்கள் எவ்வாறு பெற்றார்கள், எவ்வாறு விட்டார்கள் என்பதே அது. இதைச் சொல்லும்போது நம்மவர் என்பதற்காக ஒரு பக்கத்தை மறைத்துப் பேசுவது சரித்திரத்திற்குச் செய்யும் நீதியாகாது.

பாரதியார் 1921ஆம் ஆண்டிற் காலமானார். அக்காலச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்தபின் ஐம்பது ஆண்டுகள் அவர் எழுத்தின் உரிமை வாரிசுகளுக்கோ, அவர்களிடம் வாங்கியவர்களுக்கோ உரியது. பாடல்களைத் தட்டில் ஒலிக்கச் செய்யும் உரிமையை 1934ஆம் ஆண்டில் ஜெசிங்லால் மேத்தா என்ற வணிகர் சில நூறு ரூபாய்க்குப் பெற்றார். அவரிடமிருந்து மெய்யப்ப செட்டியார் அவர்கள் 1946ஆம் ஆண்டில் 9,500 ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். வாணிப நோக்கில் இதிலே குற்றம் ஒன்றுமில்லை. விலை பேசி, பத்திரம் எழுதி, பணம் கொடுத்து வாங்கிய சொத்து அது.

ஆனால் 1948ஆம் ஆண்டில் டி. கே. எஸ். சகோதரர்கள் தமது பில்ஹணன் படத்தில் பாரதியாரின் பாடல் ஒன்றைச் சேர்த்தபோது வழக்கு மூண்டது. உரிமை தம்முடையது என்றார் மெய்யப்ப செட்டியார். பாரதி எவருடைய தனிச்சொத்தும் அல்லர் என்றார் டி. கே. சண்முகம். இருவர் வழக்காக இருந்தது நாட்டு வழக்காயிற்று. நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் கண்டு, பாடல்களைப் பொதுவாக்க வேண்டுமென்று கிளர்ச்சி செய்தனர். கவியின் மனைவி செல்லம்மா பாரதியையும் நேரிற் கண்டு ஆதரவு பெற்றனர். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அவர்களின் மந்திரிசபை அவ்விஷயத்தை எடுத்துக்கொண்டது. அப்போது கல்வி மந்திரியாக இருந்தவர் யார்? நமது கோயமுத்தூர் ஜில்லாவின் தவப்புதல்வர், பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள். 1949ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் பாரதியார் நூல்களின் உரிமையை ஏற்றது. செல்லம்மாவுக்கும் இரு புதல்வியருக்கும் தலைக்கு 5,000 ரூபாய் வழங்கப்பட்டது. பின்னர் 1955ஆம் ஆண்டில் அந்த உரிமை மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டது. ஒரு கவியின் எழுத்தை அரசாங்கமே வாங்கிப் பொதுமக்களுக்குக் கொடுத்தது அதற்கு முன் கேளாத செய்தி.

தம்மிடமிருந்த ஒலியுரிமையை அரசாங்கம் கேட்டபோது, மெய்யப்ப செட்டியார் அவர்கள் ஈடாக ஒரு காசும் பெறாமல் கொடுத்துவிட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் இதை எப்படி எழுதுவது? வாங்கியது 9,500, விற்றது சூன்யம். நஷ்டம் என்று எழுதலாமா? கூடாது. நம் முன்னோர் இலாபத்தில் ஒரு பகுதியை முதலிலேயே மகமை என்று எடுத்துவைத்து, கோயிலுக்கும் குளத்துக்கும் செலவிட்டார்கள். இதுவும் மகமைப் பற்றில் எழுதத்தக்கதே.

அவர்கள் முதலிலேயே வழக்கின்றிக் கொடுத்திருக்கலாகாதா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. கையில் வந்த சொத்தைக் காப்பது வணிகனின் இயல்பு, அதைக் காத்தார்கள். நாடு முழுவதும் அதைத் தன் சொத்தென்று கருதுகிறது என்பது விளங்கியதும், விட்டார்கள். இடையிலே மனவருத்தமும் வாதமும் நேர்ந்தன. முதலிற் பற்றியதை மட்டும் சொல்லித் தூற்றுவதும் பிழை. பின்னர் விட்டதை மட்டும் சொல்லிப் போற்றுவதும் பிழை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பாட்டு என்னும் சரக்கின் தன்மை நமக்குத் தெரியவரும். தேக்கு மரத்தை விற்றால் அது வாங்கினவனுக்கே உரியது. பாட்டோ, விற்ற பிறகும் கேட்டவர் நாவிலெல்லாம் வாழ்கிறது. அதற்குப் பத்திரத்தில் ஒரு சொந்தக்காரர்; உண்மையிற் பல்லாயிரம் சொந்தக்காரர். அந்தப் பல்லாயிரவரை மறந்து நடத்தும் இசை வாணிபம் நெடுநாள் நிலையாது.

கல்வித் துறையில் அவர்களது பங்கையும் சுருங்கச் சொல்வோம். அவர்களது துணைவியார் ராஜேஸ்வரி அம்மையாரின் பெயரால் சென்னையிலே பள்ளிக்கூடம் எழுந்தது. ஆனால் சங்கீதக் கல்வி என்றால் நம் குலத்தில் முதலில் நினைக்கத்தக்கவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் அவர்கள். 1929ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் சர்வகலாசாலை கண்டு, அதனோடு இசைக் கல்லூரியையும் வளர்த்தார்கள். தமிழ் மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டுமென்று 1941ஆம் ஆண்டில் மகாநாடு கூட்டினார்கள். 1943ஆம் ஆண்டில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. ராஜா அவர்கள் பாடகரை உருவாக்க முயன்றார்கள். மெய்யப்ப செட்டியார் அவர்கள் பாட்டை ஏழை வீட்டு வாசலுக்கும் தேநீர்க் கடைக்கும் கொண்டு சேர்த்தார்கள். மண்டபமும் வேண்டும், தட்டும் வேண்டும். ஒன்று கற்பிக்கும், மற்றொன்று பரப்பும்.

அன்பர்களே! இன்று தட்டும் போயிற்று. நாடாப் பெட்டியும் போயிற்று. குறுந்தகடும் ஏறத்தாழப் போயிற்று. பாட்டு கைத்தொலைபேசியில் வருகிறது. பாடுகிற இளைஞர் வீட்டு அறையிலேயே பதிந்து உலகுக்கு அனுப்பிவிடுகிறார். தொழிலில் நுழைவது எளிதாயிற்று, ஏமாறுவதும் எளிதாயிற்று. நீண்ட ஒப்பந்தத்தின் கீழே படியாமற் கையெழுத்திடுகிறவர் பலர். ஆகவே சட்டத்தைப் பற்றி இரண்டொரு சொல் கூறுகிறோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதியவர்க்கும் மெட்டமைத்தவர்க்கும் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டின் மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு பெரிய நன்மை செய்தது. படத்திற்காகப் பாட்டு எழுதுகிறவரும் இசையமைக்கிறவரும், அப்பாட்டு தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது வரும் வருமானத்தில் தமக்குரிய பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது. எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்துச் செல்லாது. வாரிசுக்கோ, உரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே கொடுக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கைமாறிய பாரதியார் பாட்டின் கதை இனி ஒரு கவிக்கு நேராமலிருக்கச் சட்டம் இட்ட வேலி இது. ஆனால் வேலி இருப்பதை அறியாதவனுக்கு வேலியால் என்ன பயன்?

தட்டுகளைப் பற்றியும் இதனால் ஒரு தெளிவு பிறக்கிறது. 1947ஆம் ஆண்டில் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை முடிந்து பல்லாண்டாயிற்று. ஆயினும் அதிலுள்ள பாட்டை இயற்றியவர் 1973ஆம் ஆண்டில் மறைந்த பாபநாசம் சிவன் அவர்களாக இருந்தால், பாட்டின் உரிமை இன்னும் இருக்கிறது. ஆகவே சேர்த்துக் காப்பது ஒன்று. பகிரங்கமாக வெளியிடுவது மற்றொன்று. முன்னதை உடனே செய்யவேண்டும். பின்னதை வக்கீலைக் கலந்து செய்யவேண்டும்.

நம் குலத்திலே இதற்கும் வழிகாட்டி உண்டு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள், பெரிய செல்வம் ஏதுமின்றி, பிறர் வேண்டாமென்று தள்ளிய பழம் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் வாழ்நாள் முழுதும் சேர்த்தார். 1992ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் சிகாகோ சர்வகலாசாலையார் அத்தொகுதியைப் பெற்று, சென்னையிலேயே நூல் நிலையமாக நிலைநிறுத்த உதவினர். கடல் கடந்தவர்களுக்கு அருமை தெரிந்தது. அருகிலிருந்த நமக்குத் தெரிய நேரமாயிற்று. தட்டு விஷயத்தில் அந்தத் தாமதம் வேண்டாம்.

ஆகையால் சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் ஊர் வீட்டிலுள்ள கிராமபோன் தட்டுகளுக்கு ஒரு ஜாபிதா எழுதி அனுப்பவேண்டும். தட்டின் நடுவே ஒட்டியுள்ள காகிதத்திலுள்ள கம்பெனிப் பெயர், எண், பாடியவர் பெயர் ஆகிய மூன்றும் போதும். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி வைக்கவேண்டும். வெயில் கூடாது. துருப்பிடித்த பழைய ஊசியை வைத்து ஓட்டிப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு ஓட்டமும் கோட்டைத் தேய்க்கும். ஸ்பிரிட் ஊற்றித் துடைப்பது அதனினும் கேடு. அரக்கு அதிற் கரைந்துவிடும். ஆச்சிமார்கள் இப்பொறுப்பை ஏற்றால் காரியம் நடக்கும் என்று நம்புகிறோம். பரணில் எது இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியும்.

இரண்டாவது, சேர்ந்த தட்டுகளின் ஒலியைத் தக்க கருவிகொண்டு கணிப்பொறியில் ஏற்றிக் காக்கும் வேலையை, ஒலிப்பதிவு பயிலும் நம் இளைஞர்களுக்கே கூலி கொடுத்துத் தரவேண்டும். தட்டுக்கும் பாதுகாப்பு, இளைஞருக்கும் பயிற்சி.

மூன்றாவது, கல்வி நிதியிலே சங்கீதத்திற்கும் ஒலித் தொழிலுக்கும் ஓர் இடம் ஒதுக்கவேண்டும். ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் அது பொதுவாக இருக்கட்டும். உதவி பெறுகிறவர் பாட்டோடு பேரேடும் கற்கவேண்டும், ஒப்பந்தம் படிக்கவும் கற்கவேண்டும் என்று நிபந்தனை விதிப்போம். மெய்யப்ப செட்டியார் அவர்களிடம் காதும் இருந்தது, கணக்கும் இருந்தது. காது மட்டும் உள்ளவன் கடனாளியாவான். கணக்கு மட்டும் உள்ளவன் நல்ல பாட்டைத் தவறவிடுவான்.

1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் தேதி மெய்யப்ப செட்டியார் அவர்கள் இவ்வுலக வாழ்வை நீத்தார்கள். அவர்கள் சேர்த்த பொருள் அவர்களுடைய குடும்பத்தாரைச் சேர்ந்தது. அவர்கள் விட்டுக்கொடுத்த பாட்டு நம் எல்லோரையும் சேர்ந்தது. இன்று நம் குழந்தைகள் பள்ளிக்கூட விழாவில் எவரிடமும் அனுமதி கேளாமல் பாரதியார் பாட்டைப் பாடுகிறார்கள். வருங்காலத்தில் நம் குலத்து இளைஞர் ஒருவர் இத்தொழிலில் முன்னுக்கு வந்தால், அவரும் ஈட்டத் தெரிந்தவராகவும், காக்கத் தெரிந்தவராகவும், காலமறிந்து கொடுக்கத் தெரிந்தவராகவும் விளங்கவேண்டும் என்பதே நமது பிரார்த்தனை.

 எல்லாம் வல்ல பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகர் நமது முயற்சிக்குத் துணை நிற்பாராக.